'பார்ட்னர்' என்றால் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக்குப் படிக்கவோ நர்ஸ் வேலைக்கோ கிளம்புகிறவர்கள் உறவுமுறைச் சொற்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஃபாதர், மதர், அங்கிள், ஆன்ட்டி எல்லாம் ஒன்றாம் வகுப்புப் பாடம்தானே? ஆனால் அங்கே வார்டில் நோயாளியின் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி "யுவர் ஹஸ்பெண்ட்?" என்று கேட்டால், "நோ, மை பார்ட்னர்" என்று பதில் வரும். அந்த நாட்டில் குடும்பம் மாறியதோடு அதைச் சொல்லும் சொற்களும் மாறிவிட்டன. சில தானாக மாறின. சிலவற்றை அரசாங்கமே சட்டம் போட்டு மாற்றியது. அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் அந்தப் பார்ட்னர். நம் ஊரில் பார்ட்னர் என்றால் கடையில் பங்கு போட்டவர். அங்கே கணவன், மனைவி, தாலி மோதிரம் எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர், ஆண், பெண் என்று எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தேவை இருப்பதால்தான் சொல் நிற்கிறது. 2021-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைகளில் 51.3 சதவீதம் பேரின் பெற்றோர் திருமணமோ, திருமணத்துக்கு ஈடான சட்ட உறவான சிவில் பார்ட்னர்ஷிப்போ பதிவு செய்துகொள்ளாதவர்கள். 1845-இல் இந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து பாதியைத் தாண்டியது அதுவே முதல் முறை. உடனே அப்பா பெயர் தெரியாத பிள்ளைகள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான பிறப்புகளை ஒரே முகவரியில் வாழும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே பதிவு செய்கிறார்கள்.

இப்படி வாழ்பவர்களை 'காமன் லா' கணவன், மனைவி என்று சொல்லும் பழக்கம் அங்கே இன்னும் உண்டு. பல வருஷம் ஒன்றாக இருந்தால் சட்டமே மனைவி என்று ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறவர்களும் நிறைய. இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு உறவே கிடையாது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் மற்றவருக்குச் சொத்து தானாக வந்து சேராது. சட்டம் தராத உரிமையை ஒரு வாய்ச்சொல் தந்துவிட்டதாகக் குடும்பங்கள் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

திருமணப் பதிவேட்டைப் பாருங்கள். மணமாகாத பெண்ணை 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதிவந்தார்கள். நூல் நூற்பவள் என்று பிறந்து, வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் என்ற ஏளனத்தில் வந்து முடிந்த சொல் அது. 2005 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். 'பேச்சிலர்' என்பதையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போது இருவருமே 'சிங்கிள்'. அதே பதிவேட்டில் 1837 முதல் மணமக்களின் தகப்பன் பெயருக்கு மட்டும்தான் இடம். தாயின் பெயர் ஏறியது 2021 மே மாதம்தான். பெற்றவள் பெயரை எழுத 184 வருஷம்!

விவாகரத்துக்கு வருவோம். மாற்றம் நன்றாகத் தெரிவது இங்கேதான். முன்பெல்லாம் உடனே விவாகரத்து வேண்டுமென்றால் துணையின் மேல் ஏதாவது ஒரு குற்றம் சொல்லியாக வேண்டும். கள்ள உறவு, சகிக்க முடியாத நடத்தை, இப்படி. இல்லையென்றால் பிரிந்து வாழ்ந்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 6-இலிருந்து குற்றச்சாட்டு தேவையில்லை. திருமணம் மீளாத அளவுக்கு முறிந்துவிட்டது என்று ஒரு அறிக்கை கொடுத்தால் போதும். சொற்களும் அன்றே மாறின. 'பெட்டிஷனர்' போய் 'அப்ளிகன்ட்' ஆனார். கோர்ட் தரும் முதல் ஆணைக்கு இருந்த 'டிக்ரீ நைசை' என்ற லத்தீன் வால் ஒட்டிய சொல் 'கண்டிஷனல் ஆர்டர்' ஆயிற்று. திருமணத்தை முடித்துவைக்கும் கடைசி ஆணையான 'டிக்ரீ ஆப்சல்யூட்' வெறும் 'ஃபைனல் ஆர்டர்'. விண்ணப்பத்துக்கும் முதல் ஆணைக்கும் நடுவே 20 வாரம், அப்புறம் இன்னும் 6 வாரம் பொறுக்க வேண்டும். ஆக, சண்டை போடாமல் பிரிய வழி இருக்கிறது, ஆனால் அவசரப்பட வழியில்லை.

பிள்ளை யாரிடம் இருப்பது? பழைய சொல் 'கஸ்டடி'. போலீஸ் காவலுக்கும் அதே சொல்தான். 1989-இல் வந்த குழந்தைகள் சட்டம் அதை விட்டுவிட்டு, பிள்ளை தங்கும் இடத்துக்கு 'ரெசிடென்ஸ்' என்றும், பார்த்துப் பழகுவதற்கு 'கான்டாக்ட்' என்றும் வைத்தது. அதிலும் ஜெயித்தவர், தோற்றவர் என்ற வாடை அடித்ததால், 2014-இல் இரண்டையும் சேர்த்து 'சைல்ட் அரேஞ்ச்மென்ட்ஸ் ஆர்டர்' ஆக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்டால் கேட்டரிங் காரருக்குக் கொடுத்த ஆர்டர் மாதிரி இருக்கிறது. தெருவில் இன்றும் கஸ்டடிதான் ஓடுகிறது. நீங்கள் காதால் கேட்பது ஒன்று, கோர்ட் கடிதத்தில் படிப்பது வேறொன்று. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

'ஸ்டெப்', 'ஹாஃப்' இரண்டிலும் நம்மவர்கள் குழம்புவார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது என்றால் 'ஹாஃப் பிரதர்'. அப்பா மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த மகன் 'ஸ்டெப் பிரதர்', ரத்த சம்பந்தம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெப்' என்பதற்கு இழப்பு, அனாதை நிலை என்ற சாயல் உண்டு. அன்று சாவுதான் மாற்றாந்தாயைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் பெற்றோரின் பிரிவு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கலந்த குடும்பத்துக்கு 'பிளெண்டட் ஃபேமிலி' என்று பெயர். அதில் வளரும் பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பெயரே பிடிக்காது. அவர்களே சொல்லாதவரை நீங்கள் சொல்ல வேண்டாம். 'புரோக்கன் ஹோம்' என்பதை மறந்தும் சொல்லாதீர்கள்.

வினைச்சொல்லில் ஒரே ஒரு குறிப்பு. 'மேரீட் வித் ஹிம்' அல்ல, 'மேரீட் டு ஹிம்'. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று எழுதலாம், ஆனால் அதற்கு மணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவர் என்று பொருள்.

கடைசியாக ஒரு புதுச்சொல். படிப்பு முடித்து வெளியே போன பிள்ளை, வாடகை கட்டுப்படியாகாமல் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினால் 'பூமராங்'. அவர்கள் வீடு வாங்கக் காசு தரும் பெற்றோருக்கு 'பேங்க் ஆஃப் மம் அண்ட் டாட்' என்று செல்லப்பெயர். அப்படிக் காசு கொடுத்தால் வீட்டுக்கடன் தரும் நிஜ வங்கி சும்மா விடாது. இது அன்பளிப்பு, கடன் இல்லை, வீட்டில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரச் சொல்லும்.

நன்றி, வணக்கம்.