வானத்தை மாற்றாதீர்கள்: போர்க்கள நிலக்காட்சிப் படங்கள் குறித்து ஓர் உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இக்கண்காட்சியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு படத்தின் முன்னும் பொறுமையாக நின்று பார்த்த சிறப்பு விருந்தினர் அவர்களே, வரலாற்றை வாழ்நாள் பணியாகக் கொண்ட பேராசிரியப் பெருமக்களே, நூற்றுக்கணக்கான படங்களைச் சலித்தெடுத்த நடுவர் குழுவினரே, படம் அனுப்பிய கலைஞர்களே, நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் தம் முன்னுரையில், போர்க்களத்தைப் படமெடுப்பவர் இறந்தவர்களுக்குக் கடன்பட்டவர் என்றார். நான் சொல்ல வந்ததற்கு அதைவிடப் பொருத்தமான வாயில் கிடைக்காது. அதற்காக அவருக்கு என் தனி நன்றி.

நிற்கும் இடம், ஒளி, கறுப்பு வெள்ளையா வண்ணமா என்னும் தேர்வு, எடுத்த பின் செய்யும் திருத்தம் என நான்கு பொருள்களைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். நான்கிற்கும் அடித்தளமாக எனக்கு மிகவும் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். கேமராவைக் கையில் எடுப்பவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

முதலில் இடம். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்ற போர் நடந்த, பெல்ஜியத்தின் வாட்டர்லூவுக்குப் போகிறவர்கள், 226 படிகள் ஏறி, சிங்கச் சிலையைத் தாங்கும் நினைவுக் குன்றான சிங்க மேட்டின் உச்சியிலிருந்து அகலமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்குவது வழக்கம். அந்த மேடு போர் நடந்த நாளில் அங்கே இல்லை. 1820-களில் அதை எழுப்புவதற்கான மண், நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற மேட்டுவரிசையிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. எந்தச் சரிவுக்குப் பின்னால் அவர் தம் வீரர்களைப் பீரங்கிக் குண்டுகளிலிருந்து மறைத்து வைத்தாரோ, அந்தச் சரிவில் ஒரு பகுதிதான் இன்று சிங்கத்தைத் தாங்கி நிற்கிறது. இதை அறியாமல் எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், 1815-இன் நிலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கில் இதற்கு மாறான ஒன்று நடந்தது. போர்க்களத்தை மேலிருந்து காட்டுவதற்காகத் தனியார் எழுப்பிய 300 அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள கோபுரம், போரின் ஆண்டு நாளான ஜூலை 3 அன்று, 2000-ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் வளர்ந்த மரங்களை வெட்டியும், முன்பு இருந்த பழத்தோட்டங்களை மீண்டும் நட்டும், 1863-இன் தோற்றத்தை நோக்கி அந்நிலத்தைப் பூங்காத் துறையினர் கொண்டு செல்கிறார்கள். நம் கேமரா போய்ச் சேருவதற்கு முன்பே நிலம் திருத்தப்பட்டிருக்கிறது. எப்போது, யாரால் என்பதை அறிந்துகொள்வது படமெடுப்பவரின் முதல் வேலை.

அதே களத்தில், தென்மாநிலப் படைத்தளபதி பிக்கெட்டின் வீரர்கள் எதிரியின் மேட்டை நோக்கி நடந்து தாக்கிய வெளி ஏறக்குறைய முக்கால் மைல் அகலமுள்ளது. தொலைவிலிருந்து டெலி லென்ஸ் கொண்டு எடுத்தால் எதிரெதிர் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல் தெரியும். அருகில் நின்று வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் எதிர்மேடு எங்கோ அடிவானத்துக்குப் போய்விடும். மனிதக் கண்மட்டத்தில், 50 மில்லிமீட்டருக்கு அருகிலுள்ள லென்ஸோடு நடந்துபோய் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்போதுதான், தட்டையாகத் தோன்றும் அந்த வயலில், ஒரு படைவரிசை சில நிமிடங்கள் பார்வையிலிருந்து மறையக்கூடிய பள்ளங்கள் இருப்பது படத்தில் வரும். உயரத்திலிருந்து நேர்கீழாக எடுக்கும் ட்ரோன் படத்தில் அந்தப் பள்ளங்கள் காணாமல் போகின்றன. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோனுக்குத் தடை இருப்பது இவ்வகையில் எனக்கு மகிழ்ச்சியே.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சில், முதல் உலகப் போரின்போது 1916 ஜூலை 1 அன்று, இன்று கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தின் படைப்பிரிவு ஏறத்தாழ முற்றிலும் அழிந்த போமோன்-ஹமெல் களம், 1925 முதல் நினைவுப் பூங்காவாக இருக்கிறது. பதுங்குகுழிகளும் குண்டுப் பள்ளங்களும் புல் மூடிய நிலையில் இன்றும் அங்கே உள்ளன. உச்சி வெயிலில் அவை வெறும் பசும்புல்; சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் ஒளி விழும்போது ஒவ்வொரு குழியும் நிழலால் வரையப்பட்டு எழுந்து நிற்கும். ஆயினும் அழகான ஒளி மட்டும் போதாது, போர் நடந்த நேரத்து ஒளியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பிக்கெட்டின் வீரர்கள் ஜூலை மாதத்துப் பிற்பகலில் கிழக்கு நோக்கி நடந்தார்கள். வெயில் அவர்கள் முதுகில் விழுந்தது. எதிரே காத்திருந்தவர்களின் முகத்தில் அடித்தது. காத்திருந்தவர்களின் இடத்தில் அதே நேரத்தில் நின்று மேற்கு நோக்கி எடுத்தால், கூசும் ஒளியும் வெளிறிய புழுதிமூட்டமுமாகப் படம் பாழானதுபோல் தோன்றும். அந்தப் பாழான படம் சொல்வதைக் காலைநேரத்துப் பொன்னொளிப் படம் சொல்லாது.

இங்கே உங்கள் அனுமதியோடு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்கள் இதை அறிந்திருப்பார்கள். இளைஞர்களுக்காகப் பொறுத்தருள வேண்டும். 1855-இல் கிரிமியப் போரைப் படமெடுக்க ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் போனார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டிய காலம் அது. ஆகவே குதிரைகள் இழுக்கும் வண்டி ஒன்றை இருட்டறையாக்கிக் கொண்டுபோனார். செவஸ்தபோல் நகருக்கு அருகே, ரஷ்யக் குண்டுகள் ஓயாமல் வந்து விழுந்த ஒரு பள்ளத்தாக்கை வீரர்கள் மரண நிழலின் பள்ளத்தாக்கு என்று அழைத்தார்கள். அங்கே முக்காலியை ஊன்றி, ஒரே இடத்திலிருந்து இரண்டு படங்கள் எடுத்தார். இரண்டிலும் மனிதர் எவருமில்லை. ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் மட்டுமே கிடக்கின்றன. மற்றொன்றில் சாலையின் மேலும் சிதறிக் கிடக்கின்றன.

எது முதலில் எடுத்தது? சாலையில் கிடந்தவற்றை யாரோ அகற்றினார்களா, படம் உருக்கமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து பரப்பினார்களா? அறிஞர்கள் இரு பக்கமும் பேசினார்கள். ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் இதை அப்படியே விட்டுவிடவில்லை. அருங்காட்சியக வல்லுநர்களைக் கேட்டார், கருத்துகள் ஒன்றுபடவில்லை. கிரிமியாவுக்கே போய், அந்தப் பள்ளத்தாக்கைத் தேடிக் கண்டுபிடித்து, கேமரா எந்தத் திசையை நோக்கி நின்றது என்று ஆராய்ந்தார். நிழல்களைக் கொண்டு நேரத்தைக் கணிக்க முயன்றார். அதுவும் முடிவு தரவில்லை. கடைசியில் விடை சொன்னவை யாரும் பொருட்படுத்தாத சில கற்கள்! சரிவில் கிடந்த சிறு கற்கள் சில, குண்டுகள் சாலையில் இல்லாத படத்தில் மேலேயும், குண்டுகள் பரவிய படத்தில் சற்றுக் கீழேயும் இருந்தன. மனிதர் நடமாடும்போது காலில் பட்ட கல் கீழ்நோக்கி உருளுமே தவிர மேல்நோக்கி ஏறாது. ஆகவே வெறும் சாலைதான் முதல் படம். குண்டுகள் பின்னர் வந்தவை. 2007-இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது, படத்துக்கு வயது 150-ஐத் தாண்டியிருந்தது. தீர விசாரிப்பதே மெய் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

கவனியுங்கள். குண்டுகளைப் பரப்பியது யார், எதற்காக என்பது இன்றும் உறுதியாகவில்லை. படத்தின் கீழே ஃபென்டன் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், இத்தனை உழைப்புக்குத் தேவையே இருந்திராது. ஒவ்வொரு படத்தின் கீழும் வைக்கும்படி நான் பல மேடைகளில் கேட்டுவரும் குறிப்புச் சீட்டு அந்த இரண்டு வரிதான்.

இனித் திருத்தம். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி 1917-இல் பெல்ஜியக் களங்களில் எடுத்த படங்கள் சிலவற்றில் பல நெகட்டிவ்களை இணைத்து, வானத்தையும் வெடிப்புகளையும் சேர்த்தார். ஆஸ்திரேலியப் படையின் வரலாற்றாளர் சார்லஸ் பீன் அதைக் கடுமையாக எதிர்த்தார். பூசல் முற்றி, பதவி விலகுவதாகச் சொல்லும் நிலைக்கு ஹர்லி போனார். ஒரே சட்டகத்தில் போரின் பரப்பு அடங்காது என்ற ஹர்லியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பீனின் பக்கம் நிற்கிறேன். 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலையும் வானத்தையும் தனித்தனி நெகட்டிவ்களிலிருந்து இணைத்தது கலை; கடலிடம் யாரும் சாட்சியம் கேட்பதில்லை. போர்க்களப் படத்திடம் கேட்கிறோம். 2020 முதல் ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடிகிற காரியம். அதன் பிறகு நான் பார்க்கும் களங்களிலெல்லாம் ஒரே கருமேகம் திரண்டு நிற்கிறது. 1746-இல் ஸ்காட்லாந்தில் போர் நடந்த கலோடனுக்கும் அதே வானம், முதல் உலகப் போரில் பிரான்சின் சோம் களத்துக்கும் அதே வானம்!

எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைச் சரிசெய்யுங்கள், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெண்சமநிலையைத் திருத்துங்கள், அடிவானத்தை நேராக்குங்கள், சென்சாரில் படிந்த தூசியின் புள்ளியை நீக்குங்கள், பதுங்குகுழியின் நிழல் தெரியும் அளவுக்குக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். மின்கம்பத்தை அழிக்காதீர்கள். பாப்பி மலர்களின் சிவப்பை, இரத்தத்தை நினைவூட்ட வேண்டும் என்பதற்காக, உள்ளதற்கு மேல் ஏற்றாதீர்கள். கலோடனில் இரு படைகளின் வரிசைகளைக் குறிக்கப் பறக்கும் சிவப்பு, நீலக் கொடிகளைத் தடையென்று எண்ணி நீக்காதீர்கள். அவற்றை வைத்தே சட்டகத்தை அமைக்கலாம். மின்கம்பம் உண்மையிலேயே உறுத்தினால் பத்தடி நகர்ந்து நில்லுங்கள். கறுப்பு வெள்ளை பற்றிப் பேச நேரம் போதவில்லை. வண்ணத்தை நீக்குவதும் ஒரு திருத்தமே, அதையும் சீட்டில் எழுதுங்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

தலைவர் அவர்களிடமும் நடுவர் குழுவிடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த கண்காட்சியிலிருந்து ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு இருக்கட்டும். நின்ற இடம், நோக்கிய திசை, நாளும் நேரமும், லென்ஸின் குவியத் தொலைவு, போருக்குப் பின் அந்த நிலத்தில் ஏற்பட்ட மாற்றம், எடுத்த பின் கணினியில் செய்தவை ஆகியவற்றை அதில் எழுதலாம். இவற்றையே கோப்பின் உள்ளே தகவற்குறிப்பாகவும் பதிக்க முடியும். படம் சுவரை விட்டுப் போனாலும் குறிப்பு கூடவே போகும். பரிசுக்குத் தேர்வாகும் படங்களுக்கு மட்டும் கேமராவின் மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுங்கள். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இது நடைமுறையில் இருக்கிறது, நம்மாலும் முடியும். சீட்டின் மாதிரி ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். சிறப்பு விருந்தினர் அவர்கள் அதைப் பார்வையிட்டுத் திருத்தங்கள் சொன்னால், இவ்வாண்டுப் பொதுக்குழுவிலேயே தீர்மானமாக முன்வைக்க அணியமாக இருக்கிறேன். செவிமடுத்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.