நெஞ்சில் நிற்பது வீச்சே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'டென்பின் பௌலிங் ரசிகர் நெஞ்சில் நிலைத்து நிற்பது வென்ற பட்டங்களா, வீசிய பாணியா?' என்பது இன்றைய தலைப்பு. பாதையின் கோடியில் நிற்கும் 10 கட்டைகளை, அதாவது பின்களை, பந்தை உருட்டி வீழ்த்தும் விளையாட்டு அது. பாணியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் பெரிய பௌலர்கள் வென்ற பட்டங்களின் பட்டியலை வாசித்தார். வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர் 47 பட்டங்கள், ஏர்ல் அந்தோனி 43, நார்ம் டியூக் 40, பீட் வெபர் 37. "எண்கள் பொய் சொல்லாது" என்று சொல்லி அமர்ந்தார்.

பொய் சொல்லாது, சரி. ஆனால் மாறும், நடுவர் அவர்களே! ஏர்ல் அந்தோனி 2001-ல் மறைந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 41 பட்டங்கள். பிபிஏ எனும் அமெரிக்கத் தொழில்முறை பௌலர் சங்கம் 2008-ல் பழைய போட்டிகள் சிலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது, 43 ஆயிற்று. மனிதர் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணிக்கை கூடுகிறது. அவர் வீச்சில் ஏதாவது கூடியதா, குறைந்ததா? ஒட்ட வெட்டிய முடி, தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, இடது கை, அவசரமே இல்லாத நடை. பந்தை லேனில், அதாவது அது உருளும் பாதையில், போடமாட்டார், வைப்பார். ஆட்டத்தின் முதல் சுற்றான முதல் ஃபிரேமில் எப்படி வைத்தாரோ அப்படியேதான் கடைசியான பத்தாவது ஃபிரேமிலும். ஒரே பருவத்தில் 1 லட்சம் டாலர் சம்பாதித்த முதல் பௌலர் அவர், 1975-ல். ஆனாலும் ரசிகர்கள் அவரை எதைக் கொண்டு அழைத்தார்கள்? 'மெஷின்' என்றார்கள். அந்தப் பெயர் பணத்துக்கும் பட்டத்துக்கும் வைத்ததல்ல, அந்தக் கைக்கு வைத்தது.

அடுத்து புரூக்ளினிலிருந்து வந்த மார்க் ராத். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும்.

அந்தக் காலத்தில் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்தது நிதானம். நாலைந்து அடி நடை, தோள் அலுங்காத வீச்சு. ராத் அதையெல்லாம் ஓரம் வைத்துவிட்டார். சின்னச் சின்ன அடிகளாகக் குடுகுடுவென்று ஓடி வருவார். வீசுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டருகே பந்து கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தில் மணிக்கட்டைத் திருகி, நடுவிரலாலும் மோதிர விரலாலும் பந்தை மேல்நோக்கிச் சுண்டி இழுப்பார். இதற்கு அவர் கொடுத்த விலை கட்டைவிரல். வீங்கிப்போய், தோல் கிழிந்து கிடக்கும். அதே விரலைப் பந்தின் துளைக்குள் விட்டுத்தான் மறுபடியும் வீசுவார்.

அவ்வளவு வலி எதற்கு? லேன் ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும். அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் தீர்ந்த இடத்தில்தான் சுழற்சி தரையைப் பிடிக்கும். பந்து சட்டென்று வளைந்து ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே பாயும். சுழற்சி எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு சாய்வாக உள்ளே நுழையும். விழுகிற பின்கள் பக்கத்துப் பின்களையும் வாரிக்கொண்டு போகும். இன்றைக்குப் பந்தின் மேற்பரப்பே தரையைப் பற்றி வளைகிறது. ராத் காலத்தில் கையில் இருந்தவை ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் பந்தும்தான். அந்த வளைவு முழுக்க அவர் விரலில் இருந்து வந்தது.

1978-ல் அவர் 8 பட்டங்கள் வென்றார், அந்தோனியின் 7 என்ற சாதனையைத் தாண்டி. எதிரணி அதைச் சொல்லலாம். நான் 1980 ஜனவரியைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் அலமீடா என்ற ஊர். 7-10 ஸ்பிளிட், அதாவது கடைசி வரிசையின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு பின். தொலைக்காட்சியில் அதை முதன்முதலாக வீழ்த்திக் காட்டியவர் ராத். அது வெறும் ஒரு ஸ்பேர், மீந்த பின்களை இரண்டாம் பந்தில் வீழ்த்துவது, நடுவர் அவர்களே! அதற்குப் பட்டமும் கிடையாது, கோப்பையும் கிடையாது. 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்?

டான் கார்ட்டர் முழங்கையை மடக்கியபடியே வீசினார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத வீச்சு. அந்தக் கையை நம்பித்தான் எபோனைட் நிறுவனம் 1964-ல் 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. எந்த விளையாட்டிலும் அப்படியொரு விளம்பர ஒப்பந்தம் அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. டிக் வெபரின் வீச்சு மெல்லிசு. அவர் மகன் பீட் வெபருக்கோ பின்வீச்சில் பந்து தலைக்கு மேலே ஏறும். ஒரே வீடு, இரண்டு கைகள். 2012 யு.எஸ். ஓப்பனில் கடைசிப் பந்தில் ஸ்ட்ரைக் அடித்து, அதாவது ஒரே பந்தில் பத்துப் பின்களையும் வீழ்த்தி, 215-214 என்று ஒரே புள்ளியில் பீட் வென்றார். அன்று அப்பாவின் 4 யு.எஸ். ஓப்பன் பட்டங்களைத் தாண்டினார் என்பது புத்தகத்தில் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியும், உயர்ந்த கையும், பின்கள் விழுந்ததும் அவர் போட்ட கூச்சலும் பார்த்தவர் கண்ணிலேயே இருக்கின்றன.

எதிரணியின் பெரிய ஆயுதம் வால்டர் ரே. அவரையும் பாருங்கள். குதிரை லாடம் எறியும் விளையாட்டில் 6 முறை உலகச் சாம்பியன். லாடம் எறிந்த அதே கை, அதே குறி. பெரிய வளைவெல்லாம் இல்லாமல் நேர்கோட்டை ஒட்டி வீசி 47 பட்டங்கள் எடுத்தார். அந்த 47-க்கும் தாய் அந்த வீச்சு. தாயை மறந்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணச் சொல்கிறார்கள்!

கடைசியாக ஜேசன் பெல்மான்டே. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்ச் என்ற ஊர். பெற்றோர் பௌலிங் கூடம் நடத்தினார்கள். நடை பழகும் வயதில் பந்தை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் தள்ளினான் குழந்தை. வளர்ந்த பிறகு "மாற்றிக்கொள், இது முறையில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. மாற்றவில்லை. கட்டைவிரலைத் துளையில் விடாமல், மறு கையைக் கடைசி நொடிவரை பந்தோடு வைத்து வீசினார். மேஜர் எனும் பெரிய போட்டிகளில் 15 பட்டங்கள் வந்தன, வேறு யாருக்கும் இல்லாத எண்ணிக்கை.

இதையும் எதிரணி எண்ணிக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றுதான். இன்று ஏதாவது ஒரு பௌலிங் கூடத்தில் சிறுவர்கள் விளையாடுவதைப் போய்ப் பாருங்கள். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து வீசுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த 15 என்ற எண் அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் கை அவர்களுக்குத் தெரியும், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.