குரலைத் துலக்குவது எதுவரை?

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது உங்களை வந்தடையும் என் குரல், நான் பேசியபடியே வருவதில்லை. என் முன்னால் உள்ள மைக்கில் தொடங்கி, மிக்ஸரைக் கடந்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் ஒரு கருவிக்குள் புகுந்து, பிறகுதான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. எஃப்.எம். ஒலிபரப்பென்றால் சுமார் 15,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகளுக்கு, மேற்பட்ட ஓசைகளும் வழியிலேயே வெட்டப்படுகின்றன. 1930களில் வானொலி நிலையங்கள் தங்கள் டிரான்ஸ்மிட்டரைக் காப்பாற்றுவதற்காக வைத்துக்கொண்ட அடக்குக் கருவிதான், பின்னால் பாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கம்ப்ரஸராகக் குடிபெயர்ந்தது.

பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த இந்த வசதிகள் இன்று ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதலே கிடைக்கிறது. வீட்டு அறையில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்கிறார்கள், கதை வாசிக்கிறார்கள், பாட்டி பாடும் தாலாட்டைப் போனில் பிடித்து வைக்கிறார்கள். எனக்கு வரும் அத்தகைய பதிவுகளைக் கேட்கும்போது, அழுக்கு மிஞ்சியிருப்பதால் வரும் குறையைவிட, அளவுக்கு மீறித் துடைத்துவிட்டதால் வரும் குறையே அதிகம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குரலைச் சுத்தம் செய்கிறபோது எங்கே நிறுத்த வேண்டும்?

முதலில் இரைச்சலை எடுத்துக்கொள்வோம். ஃபேன், ஏ.சி., இன்வெர்ட்டர், தூரத்துப் போக்குவரத்து, மைக்கே கொடுக்கும் 'உஸ்' என்ற சத்தம் எல்லாம் இதில் சேரும். இதைக் குறைக்கும் வழி எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் பேசாத ஐந்தாறு விநாடியை மென்பொருளுக்குக் காட்டுகிறோம். அது அந்த ஓசையை நூற்றுக்கணக்கான சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சல் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும், எந்த அலைவரிசையில் எப்போது ஓசை அந்த அளவுக்குக் கீழே போகிறதோ, அங்கே அதைத் தணித்துவிடுகிறது.

அதனால் பதிவு பட்டனை அழுத்தியதும் பாடத் தொடங்கிவிடாதீர்கள். பத்து விநாடி மூச்சுக்கூடக் கேட்காமல் சும்மா இருங்கள். அந்த வெறும் பத்து விநாடி பின்னால் பெரிய உதவி. ஃபேன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபேன் சத்தம் ஒரே சீராக இருப்பதுபோல் தோன்றினாலும், றெக்கை சுற்றச் சுற்ற ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சீராக இல்லாத இரைச்சலை மென்பொருளால் முழுசாகப் பிடிக்க முடியாது. ஆகவே வியர்த்தாலும் பரவாயில்லை, பாடும் அந்த ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்திவிடுவதே மேல்.

எவ்வளவு குறைக்கலாம்? சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், ஆறிலிருந்து பன்னிரண்டு டெசிபல். அதற்குமேல் போனால், தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோன்ற ஒரு கொளகொளப்பு வந்துவிடும். சொற்களுக்கு நடுவே சின்னச் சின்ன மணிபோலக் 'கிளிங் கிளிங்' என்று எழும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் காது இதைப் பொறுத்துக்கொள்ளாது.

இங்கே ரே டால்பியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தவர். அதன்பின் லண்டனில் நிறுவனம் தொடங்கி, காந்த நாடாவின் 'உஸ்' சத்தத்தைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தார். குரல் உரத்து ஒலிக்கும்போது இரைச்சல் அதற்குள் மறைந்துவிடும், குரல் தணியும்போதுதான் வெளியே தெரியும் என்பதே அவருடைய முறைக்கு அடிப்படை. ஆகவே பதிவு செய்யும்போது மெல்லிய ஓசைகளை மட்டும் தூக்கி, திரும்பக் கேட்கும்போது அதே அளவு இறக்கினார். உரத்த பகுதிகளை அவர் தொடவே இல்லை. வீட்டில் வேலை செய்கிற நமக்கும் இது பொருந்தும். பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இரைச்சலைத் தேடிப் போக வேண்டாம்.

கேட் என்றொரு வசதி உண்டு. ஓசை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கதவை மூடுவதுபோல் மொத்தத்தையும் அமைதியாக்கிவிடும். தமிழ்ப் பேச்சுக்கு இதை வைக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். நம்முடைய சொற்கள் எத்தனை குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில், முடிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு, வந்து, நேற்று, கிழக்கு. அந்தக் கடைசி உகரம் உதட்டை விட்டு வெளியே வருவதே அரைகுறையாகத்தான். கேட்டின் அளவைச் சற்று உயர்த்தி வைத்தாலும் அது அந்த உகரத்தை நறுக்கிவிடும். 'பாட்ட்', 'நேற்ற்' என்று ஒவ்வொரு சொல்லும் வெட்டுப்பட்டு நிற்கும். கதை சொல்பவரின் நடையே கெட்டுவிடும். கேட்டை விட்டுவிட்டு, இடைவெளிகளில் மட்டும் ஓசையைக் கையால் கொஞ்சம் தணிப்பது என் வழக்கம். நேரம் பிடிக்கும்தான். ஆனால் சொல் முழுசாக இருக்கும். மூச்சையும் அப்படித்தான் கையாள்கிறேன். தணிப்பேன், அழிக்க மாட்டேன். மூச்சே இல்லாமல் மூன்று நிமிடம் பாடுகிற குரலைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

அடுத்து ஈக்வலைசர். ஓசையின் அடிப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி இது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதப் பேச்சில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பது மேஜை அதிர்வும், தெருவில் லாரி போகிற உறுமலும், நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும்தான். அதை வெட்டிவிடலாம். பெண் குரலென்றால் 100 வரைகூடப் போகலாம். மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடியவர்களின் குரலில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒரு கனம் சேர்ந்து, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அங்கே இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் குரல் தெளியும்.

நான் பயப்படுவது 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத்தான். குரல் கரகரப்பாக இருக்கிறது என்று சொல்லி அந்த இடத்தில் ஆழமாக வெட்டுகிறார்கள். ல, ள, ழ மூன்றையும் நம் காது பிரித்து அறிவதற்கான தடயம் பெரும்பாலும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டினால் வாயால் சரியாக உச்சரித்த ழகரமும் கேட்பவர் காதில் மழுங்கித்தான் விழும். பாடியவர்மேல் பழி வரும். குரல் உறுத்துகிறது என்றால், முதலில் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி மறுபடியும் ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும்.

இதன் பிறகே கம்ப்ரஸர். உரத்த இடத்தை அடக்கி, மொத்த அளவையும் உயர்த்தும் கருவி. வரம்பைத் தாண்டும் ஓசையை இரண்டுக்கு ஒன்று அல்லது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அடக்கினால் போதும். எவ்வளவு அடக்குகிறது என்று காட்டும் முள் மூன்று நான்கு டெசிபல் அசைந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இரைச்சலை நீக்குவதற்கு முன் இதைப் போட்டுவிட்டால், குரலோடு சேர்த்து இரைச்சலும், மூச்சும், அறையின் எதிரொலியும் தூக்கப்பட்டுவிடும். அப்புறம் பிரிப்பது கஷ்டம். கம்ப்ரஸருக்குப் பின் ச, ஸ, ஷ ஆகிய ஓசைகள் முனைப்பாகத் தெரியும். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் அந்தச் சீறலை மட்டும் அது எழும் கணத்தில் அழுத்துவது டீ-எஸ்ஸர். மிகைப்படுத்தினால் பாடகர் கொன்னை பேசுவதுபோல் இருக்கும்.

இனி சுருதி. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச விரும்புகிறேன்.

சுருதி விலகிய குரலைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று நில அதிர்வு அலைகளைக் கணக்கிட்டுச் சொல்லும் துறையில் இருந்தவர். அங்கே பயன்பட்ட கணிதத்தைக் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கத் திருப்பினார். அருமையான கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இயல்பாக எதிர்பார்ப்பது, குரல் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும் என்பதை. நம் பாட்டில் குரல் எங்கே நிற்கிறது? தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருப்பதுதான் காந்தாரம். அந்த ஊசலை மென்பொருள் பிழையென்று எடுத்துக்கொண்டு, படிக்கட்டாக வெட்டி அடுக்கிவிடும். ராகம் போய்விடும். ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சும்.

இதற்கு அடியில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மென்பொருள் பெரும்பாலும் பியானோவின் பன்னிரண்டு கட்டைகளை அளவாக வைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நூறு சென்ட் என்று கணக்கிடுவார்கள். அதில் சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் தூரம். நல்ல தம்புராவை மீட்டிப் பாருங்கள். அதற்கென்று தனித் தந்தி இல்லாமலேயே, சட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் எழும். அது 386 சென்ட்டில் நிற்கும். தம்புராவோடு இழைந்து பாடிய ஒருவரின் காந்தாரத்தை மென்பொருள் பதினான்கு சென்ட் மேலே தூக்கி வைத்து, சரி செய்துவிட்டேன் என்கிறது. பாடியவர் சேர்ந்துதான் பாடினார். திருத்தியபின்தான் தம்புராவோடு உரசுகிறது.

சுருதியைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீண்டு நிற்கும் பஞ்சமம் ஒன்று, மேல் சட்ஜம் ஒன்று சற்றே இறங்கியிருக்கிறது, மற்றபடி டேக் பிரமாதம் என்றால், அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, வரைபடமாகக் காட்டும் முறையில் வேலை செய்யுங்கள். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அந்த ஊசலாட்டத்தை, தொட வேண்டாம். மென்பொருளின் அடிப்படைச் சுருதியை உங்கள் தம்புராவின் சுருதிக்கே மாற்றிக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் வேண்டுமென்றே இயந்திரக் குரல் கேட்டால் அது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம்.

தம்புரா பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவால் ஒரே சொடுக்கில் குரலைச் சுத்தம் செய்யும் கருவிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. தெருச் சத்தத்தில் எடுத்த பேட்டிக்கு அவை பெரிய வரம். பாட்டுக்கு வைத்தால், இடைவிடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடக்கூடும். சில கருவிகள் இரைச்சலை நீக்குவதோடு நிற்காமல், குரலையே புதிதாக உருவாக்குகின்றன. அதில் ழகரம் மங்கிப்போனதை நானே கேட்டிருக்கிறேன். பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

ரிவெர்ப் எனப்படும் எதிரொலிக் கார்வைக்கு நல்ல வரலாறு இருக்கிறது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் குளியலறையில் வைத்து, அங்கே எழுந்த கார்வையை இசைத்தட்டுக்குச் சேர்த்தார். 1957இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து அதே விளைவைக் கொண்டுவந்தது. கால் டன்னுக்கு மேல் எடை. இன்று அது போனில் ஒரு பட்டன். எளிதாகக் கிடைப்பதாலோ என்னவோ, நம் பக்திப் பாடல்கள் பலவற்றில் சொல்லே புரியாத அளவுக்குக் கொட்டிவிடுகிறார்கள். ரிவெர்ப் என்பது பாயசத்தில் போடும் பச்சைக் கற்பூரம். துளி இருந்தால் மணம், கூடினால் கசப்பு. குரல் முதலில் வந்து, 20 முதல் 40 மில்லி விநாடி கழித்துக் கார்வை தொடங்கும்படி வையுங்கள். சொல்லின் முனை தெளிவாக நிற்கும். கார்வையின் அடிப்பகுதியை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கதைக்கும் செய்திக்கும் ரிவெர்ப் தேவையே இல்லை.

இறுதி அளவு பற்றிச் சுருக்கமாக. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை உரத்த பதிவுகளைத் தாமே சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (பதிவு மொத்தத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்கு இறக்கிவிடுகின்றன. எனவே போட்டி போட்டு நசுக்குவதில் பயனில்லை. உச்சம் மைனஸ் ஒரு டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

வீட்டுப் பெரியவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. தாலாட்டோ ஒப்பாரியோ நடவுப் பாட்டோ, அவர்கள் பாடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். பாத்திரம் உருட்டும் சத்தமும் கோழி கூவுவதும் உள்ளே வந்துவிட்டதே என்று வருந்தாதீர்கள். அந்தப் பாட்டு வாழ்ந்த இடம் அது. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை எடுங்கள், சொல் கேட்கும் அளவுக்கு இரைச்சலைத் தணியுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். நடுங்கும் குரலை நேராக்க வேண்டாம். திருத்திய பிரதி எத்தனை நன்றாக இருந்தாலும், தொடாத மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகத் தனியே இரண்டு இடங்களில் வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் பதிவு சுருக்கப்பட்டுத் தரம் குறையும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். பத்து ஆண்டு கழித்து இன்னும் நல்ல கருவி வரும்போது, உங்கள் பேத்தி அந்த மூலத்திலிருந்து மறுபடியும் தொடங்கிக்கொள்வாள்.

நன்றி, வணக்கம்.