கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இணையவழி வகுப்பு எடுத்தவர்களும் சரி, படித்தவர்களும் சரி, இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் "புரிந்ததா?" என்கிறார். திரையில் கறுப்புக் கட்டங்கள், சத்தமே இல்லை. "சரி, அடுத்ததுக்குப் போவோம்."

நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து அரட்டைப் பெட்டியைப் பார்த்தால், ஒரு மாணவி என் கேள்விக்கு அருமையாகப் பதில் எழுதியிருக்கிறார். அவர் தட்டச்சு செய்து அனுப்புவதற்குள் நான் இரண்டு ஸ்லைடு தாண்டிவிட்டேன். கீழே இன்னொரு வரி: "தாமதமாகிவிட்டது சார், விட்டுவிடுங்கள்." அந்த 'விட்டுவிடுங்கள்' இன்னும் என் மனதில் கிடக்கிறது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அது முகம் பார்த்து நடந்த வகுப்பு. இணையத்தில் மைக்கைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டச்சு செய்ய வேண்டும், சிக்னல் வேறு இழுக்கும். 3 நொடி எப்படிப் போதும்?

நான் இப்போது மனதுக்குள் 20 வரை எண்ணுகிறேன். இந்த வானொலியில் 20 நொடி பேசாமல் இருந்தால், அலைவரிசை போய்விட்டதோ என்று நினைப்பீர்கள். வகுப்பிலோ, அந்த மௌனத்துக்குள் யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "இரண்டு பேர் பதில் வரும்வரை நான் பேசமாட்டேன்." கேள்வியையும் மாற்றிவிட்டேன். "புரிந்ததா" என்றால் தலையாட்டத்தான் முடியும். "எந்த வரியில் தடுமாறினீர்கள்?" என்று கேட்டால், தடுமாறியவருக்குப் பேச இடம் கிடைக்கிறது. அப்புறம், திரும்பவும் சொல்கிறேன், காத்திருங்கள்.

பதிவுசெய்த காணொளிப் பாடம் என்றால் காத்திருப்பது மாணவர். சந்தேகம் கேட்டு நான்கு நாள் பதில் இல்லையென்றால், அடுத்த சந்தேகத்தை அவர் கேட்கவே மாட்டார். ஒப்படைப்பில் "நன்று" என்று மட்டும் எழுதினாலும் அப்படித்தான். அவர் எழுதிய ஒரு வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். படித்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

சிறு குழுக்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் முந்திவிட்டது. ஒன்று மட்டும்: முதல் வாரத்தில் ஒவ்வொருவரோடும் 5 நிமிடம் தனியாகப் பேசுங்கள். 40 பேர் என்றாலும் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்த நேரத்தில், எந்தக் கருவியில் படிக்கிறீர்கள் என்றாவது கேளுங்கள். வணக்கம்.