நாலாம் இலக்கச் சட்டையும் ஒரு கையெழுத்தும்

(ஸ்காபரோவில் எங்கள் சங்கத்தின் பரிசளிப்பு விழாவில் பேசியது. சொன்னதைப் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் இன்னும் கோட்டைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் எங்கள் முன்னாள் அதிபர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து இரண்டு மணித்தியாலமாகப் பொறுமை காக்கும் வைத்தியர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை அரை வாடகைக்கு ஒழுங்கு செய்து தந்த பொருளாளர் அவர்களே, சமையலறையில் கொத்துரொட்டிக்கு முட்டை அடித்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே, கிண்ணம் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது தவறவிட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருடம் மகளிர் அணிச் செயலாளரைச் சொல்ல மறந்துபோய் ஆறு மாதம் பேச்சு வாங்கினேன். மகளிர் அணிச் செயலாளர் அவர்களே, வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்தியவர் விளையாட்டு ஆய்வாளர் என்றார். அது பிழை. விடிய ஐந்தரைக்கு ஐஸ் அரங்கத்துக்குப் பிள்ளை ஏற்றி இறக்கிய சாரதி நான். முதலில் மகன், இப்போது பேத்தி. அந்தக் குளிரில் நாங்கள் எல்லோரும் கையில் பிடித்திருக்கும் கோப்பையில் ஒரு பெயர் இருக்கிறதே, ரிம் ஹோர்ட்டன், அவர் யார்? ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியில் ஆடிய டிஃபென்ஸ்மன். 1964இல் ஹமில்ட்டனில் முதல் கோப்பிக் கடையைத் திறந்தார். பத்து வருடம் கழித்து வீதி விபத்தில் இறந்துபோனார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைக் கோப்பிக்காரன் பெயர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று ஆட்டம், இரண்டு முழங்கால், மூன்று கையெழுத்து. மூன்றுக்கும் ஒரே ஆள் போதும்: ஹொக்கி ஆட்டக்காரர் பொபி ஓர்.

டிஃபென்ஸ்மன் என்றால் பின்னால் நிற்பவன். கோல் காப்பாளரை விட்டால் களத்தில் ஐந்து பேர். மூவர் முன்னுக்கு ஓட, இருவர் பின்னுக்கு நிற்க வேண்டும். எதிராளி வந்தால் மறி, பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் அந்த ரப்பர் வட்டை, வெளியே தள்ளு, திரும்பி உன் இடத்துக்கு வா. இதுதான் வேலை. ஒன்ராறியோவில் பரி சவுண்ட் என்ற சிறிய ஊரில் 1948இல் பிறந்த இந்தப் பொடியன், பின்னுக்கு நின்றபடியே பக்கைத் தடியில் ஒட்டிக்கொண்டு களம் முழுவதும் ஓடிப்போய் கோலும் அடித்தான். அடித்துவிட்டு மற்றவன் திரும்புவதற்குள் தன் இடத்துக்கு வந்தும் நின்றான். ஸ்கேட்டுக்குள் காலுறை போடமாட்டார். தடியின் அலகில் மற்றவர்கள் சுற்றுச் சுற்றாக ரேப் ஒட்டுவார்கள், இவருக்கு ஒரு துண்டு போதும்.

1966இல், பதினெட்டு வயதில், பெரிய தொழில்முறை லீக்கில் ஆடும் பொஸ்ரன் புரூயின்ஸ் அணிக்கு வந்தார். 1968 முதல் 1975 வரை எட்டு வருடம் தொடர்ந்து சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான நொரிஸ் கிண்ணம் அவருக்குத்தான். 1969-70இல் 120 புள்ளி, அதாவது அடித்த கோலும் அடிக்கக் கொடுத்த கோலும் சேர்த்து, எடுத்து லீக்கிலேயே முதலிடம். பின்னுக்கு நிற்பவன் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் 139. என் மகனுக்கு இந்த எண்கள் எல்லாம் நித்திரையிலும் வரும். கணிதப் பாடத்தில் மட்டும் வராது.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு.

1970 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். பொஸ்ரன் கார்டன் அரங்கம். சென் லூயிஸ் அணியுடன் இறுதிச்சுற்றின் நாலாவது ஆட்டம். மூன்றுக்கு மூன்று. வழக்கமான மூன்று பகுதியும் முடிந்து மேலதிக நேரம், அதாவது நாலாவது பகுதி. வெளியே மே மாதத்து வெக்கை, உள்ளே அதைவிட. ரே லூசியே என்று ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர், அரங்கத்தின் ஒரு முனையில் இருந்தவர், பொஸ்ரன் கோல் அடித்தால் அது மற்ற முனையில்தானே விழும் என்று எழும்பி அங்கே போகிறார். போனால் அருமையான இடத்தில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது. அந்த ஸ்டூலுக்குச் சொந்தக்காரர், அவரும் படப்பிடிப்பாளர்தான், வெக்கை தாங்காமல் பியர் வாங்கப் போய்விட்டார். சிரிக்காதீர்கள், பின்வரிசையில் இருப்பவர்கள் சிலருக்கு இது விளங்கும். லூசியே உட்கார்ந்தார். மேலதிக நேரம் தொடங்கி நாற்பது வினாடி. அவ்வளவுதான். எதிரணி வெளியே தள்ளப் பார்த்த பக்கை ஓரத்தில் வைத்துப் பொபி ஓர் மறித்து, வலைக்குப் பின்னால் நின்ற டெரிக் சாண்டர்சனுக்குக் கொடுத்துவிட்டு, நேரே வலைக்கு ஓடுகிறார். பக் திரும்பி வருகிறது. கோல்! அதே நேரம் நோயெல் பிக்கார்ட் என்ற எதிரணி டிஃபென்ஸ்மன் தடியால் அவர் காலைத் தட்டிவிட, பொபி ஓர் இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தபடி, பனிக்கு மேலே படுத்த வாக்கில் பறக்கிறார். லூசியே பொத்தானை அமுக்குகிறார். ஹொக்கியில் அதைவிடப் பேர்போன படம் கிடையாது. 29 வருடத்துக்குப் பிறகு பொஸ்ரனுக்கு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம். நாலாவது ஆட்டம், நாலாவது பகுதி, அணியின் நாலாவது கோல், ஓரின் சட்டை இலக்கம் நாலு, தட்டிவிட்ட பிக்கார்டின் இலக்கமும் நாலு! பியர் வாங்கப் போனவர் திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்டாராம். இனி இருந்தென்ன, எழும்பியென்ன!

சரி. முழங்கால். இடது முழங்காலில் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை. அந்தக் காலத்து அறுவை எப்படி என்பதை வைத்தியர் அம்மா இன்னொரு நாள் சொல்வார். நான் கையெழுத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் இங்கே வந்ததே அதற்குத்தான்.

எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வா: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

ஓருக்குப் பதினான்கு வயதில் பொஸ்ரன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. கொடுக்கச் சம்மதித்தவற்றில் ஒன்று, வீட்டுச் சுவருக்கு வெளிப்பூச்சு. பிற்காலத்தில் மூன்று தடவை லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரர் ஆன ஒருவரின் உரிமை, ஒரு சுவர்ப் பூச்சோடு சேர்த்துப் பேசி முடிக்கப்பட்டது! அதன்பிறகுதான் அலன் ஈகிள்சன் வருகிறார். ரொறன்ரோ வழக்கறிஞர், ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1966இல் அவர் பேசிக் கொடுத்த ஒப்பந்தம், புதிதாக வரும் ஒருவருக்கு அதுவரை கேள்விப்படாத தொகை. அணியின் பொது மேலாளருடைய படகில் வைத்துக் கையெழுத்தானது. ஓர் அவரைச் சொந்த அண்ணன்போல நம்பினார். அதற்குப் பிறகு தாள்களை அவர் பார்த்தார், இவர் ஆடினார்.

1976. ஒப்பந்தம் முடிகிறது. பொஸ்ரன் தன் அணியிலேயே 18 விழுக்காட்டுக்கு மேல் பங்கு தர முன்வந்தது. அது தன் காதுக்கு வரவேயில்லை என்கிறார் ஓர். சொன்னேன் என்பது ஈகிள்சன் கட்சி. ஓர் சிக்காகோவுக்குப் போனார். முழங்கால் விடவில்லை. அங்கே ஆடியது 26 ஆட்டம். ஆடாமல் வாங்கமாட்டேன் என்று சம்பளக் காசோலைகளை மாற்றவும் இல்லை. 1978 நவம்பரில், முப்பது வயதில், விலகினார். அதன்பிறகு கணக்கைத் திறந்து பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அது ஓரின் கணக்குக்காக அல்ல, ஆட்டக்காரர் சங்கம், பன்னாட்டுப் போட்டிகள் சம்பந்தப்பட்ட காசுக்காக. ஓர் பின்னாளில் தானே ஆட்டக்காரர்களுக்கு முகவர் ஆனார். ரிச்மண்ட் ஹில்லில் பிறந்த ஹொக்கி நட்சத்திரம் கொனர் மக்டேவிட்டுக்கு ஒப்பந்தம் பேசியதும் அவருடைய நிறுவனம்தான். இனி அந்தத் தாள்களை அவர் ஒரு வரி விடாமல் வாசித்திருப்பார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பொடியன் வாசலுக்கு வந்தான். சுடுதண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான், தலையை ஆட்டினான், ஒரு தாளை நீட்டினான். நான் ரீ குடிக்கிறாயா தம்பி என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் பில் வந்தபோதுதான் தெரிந்தது, பத்து வருட வாடகை! பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. இந்த வாசல் வியாபாரத்தை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. எனக்கு அது பிந்திப்போயிற்று.

அதனால்தான் இரண்டு வருடமாகக் கேட்கிறேன். இந்த மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, சட்டம் படித்த ஒரு பிள்ளை. வீட்டுக் கடனோ, வாடகையோ, ஹொக்கி அணிப் படிவமோ, யாரும் கொண்டுவந்து வாசித்துக் கேட்கலாம். கமிஷன் எதிர்பார்க்காத ஆளாக இருக்க வேண்டும், மச்சானின் சினேகிதன் வேண்டாம். நிர்வாகக் குழு யோசிக்கிறோம் என்கிறது. பெண் பிள்ளைகளின் ஹொக்கி பற்றியும் சொல்வதாக இருந்தேன், கொத்துரொட்டி வாசம் வந்துவிட்டது.

ஆற்றிலே போட்டாலும்... சரி, உங்களுக்கே தெரியும். அந்த மேசை வேண்டும் என்று கேட்கும் விண்ணப்பம் வாசலில் நீலப் பேனாவோடு இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போடுங்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்திலும் எழுத்து இருக்கிறது. வணக்கம்.