பட்டா இல்லாத உழவர்

நேயர்களுக்கு வணக்கம்.

2007-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய உழவர் கொள்கையில், ‘உழவர்’ என்றால் யார் என்று ஒரு வரையறை இருக்கிறது. குத்தகைதாரர், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிடுபவர், விவசாயக் கூலி, தேனீ வளர்ப்பவர், தோட்டம் போடுபவர் எல்லாரும் அதில் அடக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் உழைப்பு அது. அந்த வரையறை இன்னும் அரசு உதவிக்கான விண்ணப்பப் படிவம் வரை வந்து சேரவில்லை. படிவம் கேட்பது பட்டா, சிட்டா என்ற நில உரிமை ஆவணங்களும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று குறிக்கும் அடங்கலும்.

முதலில் அடிபடுவது நகர ஓரத்துக் கீரைக்காரக் குடும்பங்கள். பத்து சென்ட் நிலம், வாய்மொழிக் குத்தகை. நூறு கிராம் சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். கலக்காமல் தூவினால் ஓரிடத்தில் குவிந்து முளைத்து நாற்று அழுகிவிடும். 25 நாளில் வேரோடு பிடுங்கி, மண் அலசி, கட்டுக் கட்டி, விடியுமுன் சந்தைக்கு. எல்லாம் வீட்டு ஆட்களின் உழைப்பு. 2019 முதல் 2028 வரை குடும்ப வேளாண்மைப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருப்பது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கினால் ஒரு மாத வருமானம் ஒரே இரவில் போய்விடும். நிவாரணக் கணக்கெடுப்போ சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஆய்வுக்கு வரும் நாளில் கீரை பிடுங்கிய பாத்தி வெறுமையாகக் கிடந்தால், அடங்கலில் பயிரே ஏறாமல் போகும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவியும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே. உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அதற்கும் நில ஆவணம் வேண்டும். மாடித்தோட்டக்காரர்களுக்கு மானிய விலையில் பையும் தென்னை நார்க்கழிவும் கிடைக்கின்றன, நல்லது. ஆனால் அவர்களை உற்பத்தியாளர்களாக யாரும் பதிவு செய்வதில்லை.

சரி, குத்தகையை எழுதி வைக்கலாமே? தமிழ்நாட்டில் அதற்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. எழுதினால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர் அஞ்சுகிறார். அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைதாரரும் வாய் திறப்பதில்லை. ஆந்திரம் 2011-இல் குத்தகைதாரர்களுக்கு ஓராண்டுக் கடன் தகுதி அட்டை கொண்டுவந்தது. 2019-இல் கொண்டுவந்த சட்டத்தில் 11 மாதச் சாகுபடி அட்டைக்கு உரிமையாளர் கையெழுத்து தேவைப்பட்டது. சிக்கல் அங்கேதான். பலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள்.

ஆகவே நமக்கு உழவர்களுக்கென்று ஒரு பதிவேடு வேண்டும்; அது நிலத்தை விட்டுவிட்டுப் பயிரிடும் ஆளைப் பதிய வேண்டும். உரிமையாளர் கையெழுத்து கூடாது. நில உரிமை வழக்கில் இந்தப் பதிவு சான்றாகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), நகரத்தில் தோட்டக்கலைத் துறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்துப் புதுப்பிக்கலாம். நகரத்தில் பாசனத் தண்ணீரையும் அப்போதே சோதிக்க வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீரில் வளர்ந்த கீரையைச் சந்தையில் அனுமதிக்க முடியாது.

அதுவரை, நிலம் பேரில் இல்லாதவர்கள் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியில் கடன் கேட்கலாம். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு வகுத்த முறை அது. ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு என்பதால், ஒரே ஊரில் ஒருவரையொருவர் நன்கு தெரிந்தவர்களாகச் சேருங்கள். ஒரே குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் சேர்க்கக் கூடாது.