காது வைத்த கம்பங்கள்

நேயர்களே, வணக்கம்.

ஐரோப்பாவின் பாதுகாப்பைப் புதிய தொழில்நுட்பங்கள் எப்படி மாற்றுகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு, லேசர், செயற்கைக்கோள் என்று பெரிய பெயர்களிலிருந்து தொடங்கலாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு கம்பம்தான். ஆறடி உயரம் இருக்கும். அதன் மேல் ஒரு மைக், ஒரு செல்போன். அவ்வளவுதான்.

உக்ரைனின் பல இடங்களில் இப்படிக் கம்பங்கள் நிற்கின்றன. இரவில் அவை ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கின்றன. ஈரானில் வடிவமைத்து இப்போது ரஷ்யா தானே தயாரிக்கும் ஷாஹெத் என்ற டிரோனின் சத்தம் அது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், வெடிகுண்டைச் சுமந்தபடி வந்து விழுந்து வெடிக்கும். விமானங்களோடு ஒப்பிட்டால் மெதுவாக வரும் பொருள்தான். ஆனால் தாழப் பறந்தால் தூரத்து ரேடாரின் கண்ணுக்கு எளிதில் படாது. மேடும் மரமும், பூமியின் வளைவும் அதை மறைத்துவிடும். ஆனாலும் அதன் எஞ்சினை மறைக்க முடியவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கதறிக்கொண்டே வரும். உக்ரைன் மக்கள் அதற்கு வைத்த பெயர் மொபெட்.

அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொள்ளலாமே என்று இரண்டு பொறியாளர்கள் யோசித்ததில் பிறந்தவைதான் இந்தக் கம்பங்கள். ஒரு கம்பம் கேட்டதைக் கணினி அலசி, இது லாரியா, டிராக்டரா, ஷாஹெத்தா என்று பிரித்துச் சொல்லும். பல கம்பங்கள் கேட்டதைச் சேர்த்தால், எந்தத் திசையில் போகிறது என்று கோடு போட்டுவிடலாம். அந்தக் கோடு, இயந்திரத் துப்பாக்கியோடு வண்டியில் காத்திருக்கும் குழுவின் டேப்லட்டுக்குப் போகிறது. ஐரோப்பாவில் அமெரிக்க விமானப்படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஜேம்ஸ் ஹெக்கர் 2024-இல் இதைப் பற்றிப் பேசினார். அப்போது இருந்த கம்பங்கள் சுமார் 8,000. ஒன்றின் விலை 400 முதல் 500 டாலர். ஒரு தாக்குதலில் வந்த 84 டிரோன்களில் 80-ஐ வீழ்த்தியதாகவும் சொன்னார்.

பெருக்கிப் பாருங்கள். 8,000 கம்பங்கள், ஒன்று 500 டாலர் என்றால் 40 லட்சம் டாலர். பேட்ரியட் என்ற அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பிலிருந்து பாயும் புதுவகை ஏவுகணை ஒன்றின் விலையும் ஏறத்தாழ அதேதான். கணினி, பராமரிப்பு, ஆட்கள் எல்லாம் தனிச் செலவு, சரி. இருந்தாலும் ஒரே ஒரு ஏவுகணைக்கு ஆகும் பணத்தில் ஒரு நாடே காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டது. புதிய தொழில்நுட்பம் என்று நான் சொல்ல வருவது இந்தக் கணக்கைத்தான்.

இந்தக் கணக்கு தலைகீழாகப் போன ஓர் இரவு உண்டு. 2025 செப்டம்பர் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட இரவில் இருபது ரஷ்ய டிரோன்கள் வரை போலந்துக்குள் நுழைந்தன. அவற்றில் பல, ஒட்டுப்பலகையும் தெர்மோகோல் மாதிரியான நுரைப்பொருளும் வைத்துச் செய்த ஏமாற்று டிரோன்கள். அவற்றை விரட்ட நெதர்லாந்தின் எஃப்-35, போலந்தின் எஃப்-16 போர் விமானங்கள் எழும்பின. விமானத்திலிருந்து ஏவும் ஓர் ஏவுகணையே சில லட்சம் டாலர் ஆகும். வார்சா விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். சிலவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள், உண்மைதான். ஆனால் தினமும் இரவு இப்படி வந்தால் எந்த நாட்டின் கஜானா தாங்கும்?

காதால் வானத்தைக் காவல் காப்பது ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில், 1928-க்கும் 1930-க்கும் இடையில் கட்டிய மூன்று கான்கிரீட் காதுகள் இன்னும் நிற்கின்றன. ஒன்று 200 அடி நீளச் சுவர். மற்ற இரண்டும் பெரிய கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தது போல. தூரத்து விமானத்தின் இரைச்சலை அவை ஓரிடத்தில் குவிக்கும். ஒரு வீரர் அங்கே காதில் குழாய் வைத்துக் கேட்பார். விமானங்களின் வேகம் கூடக் கூட, கேட்டு எச்சரிப்பதற்குள் அவை தலைக்கு மேல் வந்துவிடும் என்ற நிலை வந்தது. அப்புறம் 1935 பிப்ரவரி 26 அன்று, டேவன்ட்ரி என்ற ஊருக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு, மேலே பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்பியதைத் தரையிலிருந்தே கண்டறிந்தார்கள். பிரிட்டனின் ரேடார் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. பாட்டும் செய்தியும் சுமந்துபோன அதே அலைதான் ஒரு நாட்டைக் காப்பாற்றும் வேலைக்கும் வந்தது.

அந்த அலைகளே இன்று போர்க்களம். 2024 ஏப்ரலில் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்குக் கிளம்பிய இரண்டு விமானங்கள், ஜிபிஎஸ் அலைகளில் நடந்த குறுக்கீட்டால் இறங்க முடியாமல் திரும்பின. ஃபின்ஏர் நிறுவனம் ஒரு மாதம் அந்தச் சேவையையே நிறுத்தி வைத்தது. தரையில் இருக்கும் வானொலிக் கருவியை வைத்து இறங்க ஏற்பாடு செய்த பிறகுதான் விமானங்கள் திரும்ப வந்தன. உக்ரைன் போர்முனையில் இன்னும் கடுமை. டிரோனை இயக்கும் அலையை எதிரி அடைத்தால் அது குருடாகிவிடும். அதனால் இப்போது கட்டளையைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைச் சுருளை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் வந்துவிட்டன. அலையே வேண்டாம், நூல் போதும். வயல்களில் அந்த நூல் சிலந்தி வலை மாதிரி மின்னிக்கிடக்கிறது. பறவையொன்று அந்த இழையால் கட்டிய கூட்டை வீரர்கள் கண்டெடுத்த படத்தைப் பார்த்து நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பணத்துக்கு வருவோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை 2035-க்குள் பாதுகாப்புக்கும் அது சார்ந்த வேலைகளுக்கும் ஒதுக்குவதாக நேட்டோ நாடுகள் 2025 ஜூனில் ஹேக் நகரில் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புச் செலவுக்காகத் தன் உறுப்பு நாடுகளுக்கு 15,000 கோடி யூரோ வரை கடன் தரத் திட்டம் போட்டிருக்கிறது. என் கவலை இதுதான்: பெரிய ஆயுதம் ஒன்றுக்கு இன்று கையெழுத்துப் போட்டால், அது கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். உக்ரைனில் சில வாரங்களுக்கு ஒருமுறை டிரோனும் மாறுகிறது, அதைத் தடுக்கும் வழியும் மாறுகிறது. இந்த வேகம், அடி வாங்கிக்கொண்டே கற்றவர்களிடம்தான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் டிரோன்கள் தென்பட்டதால் கோபன்ஹேகன் விமான நிலையம் சில மணி நேரம் முடங்கியது. அதன் பிறகு டென்மார்க்குக்கு உதவ உக்ரைனிலிருந்தும் வல்லுநர்கள் போனார்கள். உதவி கேட்டுக்கொண்டிருந்த நாடு பாடம் சொல்லித் தரும் நாடாகிவிட்டது. அந்தப் பாடத்துக்காக அந்த மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் குழந்தைகளோடு படுத்துக்கிடந்த இரவுகளை ஐரோப்பா மறக்கக் கூடாது.

கம்பங்களுக்கும் எல்லை உண்டு. ஷாஹெத்துகள் இப்போது இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கின்றன. துப்பாக்கிக் குண்டு அவ்வளவு உயரம் எட்டாது, சத்தமும் மங்கிவிடும். ஜெட் எஞ்சின் வைத்த வகையும் வந்துவிட்டது. டெஞ்ச் காதுகளுக்கு நேர்ந்தது போலவே, வேகம் காதை முந்தப் பார்க்கிறது. இதற்கு உக்ரைன் கண்டிருக்கும் விடை, டிரோனைத் துரத்தி மோதும் சின்னஞ்சிறு டிரோன். விலை சில ஆயிரம் டாலர். உக்ரைன் வடிவமைத்த அப்படியொரு டிரோனைப் பெருமளவில் தயாரிக்கப்போவதாக 2025 செப்டம்பரில் பிரிட்டன் அறிவித்தது. ஆனால் அந்தச் சின்ன டிரோன் கிளம்புவதற்கு முன், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் கம்பங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

வணக்கம்.